சந்தைப் பணம் எங்கே தங்க வேண்டும்?

நெய்யூரை அடுத்த திங்கள்சந்தைக்கு வாழைக்குலை கொண்டுவரும் விவசாயி, பத்து ஆண்டுகளுக்கு முன்பு வரை விற்ற பணத்தை வேட்டி மடியில் முடிந்துகொண்டுதான் வீடு திரும்புவார். இன்று மட்டிக் குலைக்கும் மரச்சீனிக் கிழங்குக்கும் விலை படிந்தவுடன் வியாபாரி பணப்பையைத் தேடுவதில்லை, செல்போனைத்தான் எடுக்கிறார். கீரைக்கட்டு விற்கும் அம்மாவின் கூடையருகிலும் புள்ளியும் கட்டமுமாக அச்சடித்த அட்டை ஒன்று நிற்கிறது. டீக்கடையில், இத்தனை ரூபாய் வந்து சேர்ந்தது என்று ஒரு சின்னப் பெட்டி தமிழிலேயே உரக்கச் சொல்கிறது.

இதைக் குறை சொல்வதற்கில்லை. சில்லறைத் தகராறு ஒழிந்தது. அடுத்த சந்தைக்குத் தருகிறேன் என்று தவணை சொல்லும் வியாபாரிக்கு, கையில் நோட்டு இல்லை என்ற சாக்கு போயிற்று. (வேறு சாக்குகள் அவரிடம் நிறைய உண்டு என்பது தனி விஷயம்.) ஆனால் பணம் போய்வரும் வழி ஒன்று, பணம் தங்கும் இடம் வேறொன்று. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிவிடும் பழக்கம் கிராமங்களில் பரவி வருகிறது. அது விவசாயிக்கு நல்லதல்ல என்பதற்கு, அந்தப் பேசும் பெட்டியைக் கடை கடையாகக் கொண்டுபோய் வைத்த பேடிஎம் கம்பெனியின் கதையே போதிய சான்று.

உத்தரப் பிரதேசத்தில் அலிகார் பக்கத்துச் சிற்றூரில், பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்த விஜய் சேகர் சர்மா, 2000ஆம் ஆண்டில் ஒன் 97 கம்யூனிகேஷன்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். அதன் கிளையாக 2010ல் வந்ததுதான் பேடிஎம். செல்போனுக்கு ரீசார்ஜ் செய்து கொடுப்பதே முதலில் அதன் தொழில். 2014ல் 'வாலட்' என்னும் மின் பணப்பையைக் கொண்டுவந்தது. வங்கியில் இருக்கும் பணத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே எடுத்து அந்தப் பைக்குள் போட்டு வைக்க வேண்டும். பிறகு கடைக்கோ டிக்கெட்டுக்கோ அதிலிருந்து கொடுக்கலாம். பையில் கிடக்கும் பணத்துக்கு வட்டி கிடையாது. சீனாவின் அலிபாபா குழுமம் 2015ல் இதில் பெருந்தொகை முதலீடு செய்தது. 2021 நவம்பரில் பங்கு ஒன்றுக்கு 2,150 ரூபாய் வீதம் விற்று 18,300 கோடி ரூபாய் திரட்டினார்கள். சந்தைக்கு வந்த முதல் நாளே பங்கின் விலை கால் பங்குக்கு மேல் விழுந்தது.

பங்குச் சந்தை சமாச்சாரம் பட்டணத்தாருக்கு. விவசாயி கவனிக்க வேண்டியது 2016ஆம் ஆண்டை.

அந்த ஆண்டு நவம்பர் 8ஆம் தேதி இரவு, 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று பிரதமர் அறிவித்தார். புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் அந்த இரண்டு நோட்டுகளில்தான் இருந்தது. நாஞ்சில் நாட்டு வயல்களில் அது கும்பப்பூ பருவம். உரத்துக்கும் களையெடுப்புக் கூலிக்கும் ரொக்கம் தேவைப்படும் நேரம். அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவிக்கும்படி ஆயிற்று. இந்த நெருக்கடியில்தான் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள் பழைய நோட்டுகளை மாற்றிக் கொடுக்கவும் கூடாது, டெபாசிட்டாக வாங்கவும் கூடாது என்று நவம்பர் 14ஆம் தேதி ரிசர்வ் வங்கி தடை விதித்தது. விவசாயிக்குப் பயிர்க்கடன் கொடுத்து, நகையைப் பார்த்துக் கொடுத்து, மூன்று தலைமுறையாகப் பழகிய கூட்டுறவு அமைப்பின் கை கட்டப்பட்டது. பயிர்க்கடன் கணக்குள்ளவர்கள் வாரம் 25,000 ரூபாய் எடுக்கலாம், அரசு நிறுவனங்களில் பழைய 500 ரூபாய் நோட்டைக் கொடுத்து விதை வாங்கலாம் என்று பின்னர் சலுகைகள் வந்தன. வரிசையில் நின்றவர்களுக்குத்தான் அவற்றின் அருமை தெரியும்.

அதே நாட்களில் பேடிஎம் நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்துக்கொண்டிருந்தது. அதன் ஆட்கள் கடை கடையாக ஏறி அட்டை ஒட்டினார்கள். ரொக்கம் இல்லாத ஊரில் ரொக்கமின்றி நடக்கும் வியாபாரம் வளராமல் என்ன செய்யும்? அந்தக் கம்பெனியின் சுறுசுறுப்பைப் பாராட்டத்தான் வேண்டும். விவசாயிக்குச் சொந்தமான வங்கி கதவைச் சாத்த வேண்டியிருந்த வேளையில் தனியார் பணப்பை ஊர் ஊராகத் திறந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

2017 மே மாதம் பேடிஎம் பேமென்ட்ஸ் பாங்கு என்ற வங்கியும் வந்தது. பெயரில் பாங்கு உண்டு. ஆனால் பேமென்ட்ஸ் பாங்கு என்ற வகை வங்கிகள் யாருக்கும் கடன் கொடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஒருவர் கணக்கில் இருக்கும் தொகைக்கும் உச்சவரம்பு உண்டு. முதலில் 1 லட்சம், 2021க்குப் பின் 2 லட்சம் ரூபாய். ஆக, வாழை விற்ற பணத்தை வருடம் முழுவதும் அங்கே போட்டு எடுத்தாலும், கன்று நடக் கடன் கேட்க அந்த வாசலில் போய் நிற்க முடியாது.

விதிகளைத் தொடர்ந்து பின்பற்றவில்லை என்று சொல்லி, 2022 மார்ச்சில் புதிய வாடிக்கையாளரைச் சேர்க்கக் கூடாது என அந்த வங்கிக்கு ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. 2024 ஜனவரி 31ல் இன்னும் கடுமையான உத்தரவு பிறந்தது: கணக்கிலோ பணப்பையிலோ புதிதாகப் பணம் போட அனுமதியில்லை. பிப்ரவரி 29 என்று வைத்த கெடு, மார்ச் 15 வரை நீட்டிக்கப்பட்டது. உள்ளே இருக்கும் பணத்தை எடுத்துக்கொள்ளத் தடையில்லை என்று சொன்னபோதிலும், அந்த ஒன்றரை மாதம் நாடெங்கும் சிறு கடைக்காரர்கள் பட்ட குழப்பம் கொஞ்சமல்ல.

இந்தப் பகுதிப் பெரியவர்களுக்கு வங்கி மூடுவது புதிதல்ல. நெய்யூர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த காலத்தில், 1938ல், திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் பாங்கு விழுந்த பேச்சு வீடுகளில் வெகுகாலம் அடிபட்டது. 1960ல் கேரளத்தில் பாலா சென்ட்ரல் பாங்கு விழுந்தது. அதன் பிறகுதான், 1962ல், டெபாசிட்டுக்கு இன்சூரன்ஸ் என்ற ஏற்பாடே வந்தது. 2020 முதல் அது ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை. வங்கியல்லாத கம்பெனிகள் நடத்தும் பணப்பைகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்பதைப் பலரும் அறியார்.

அப்படியானால் செல்போனில் பணம் வாங்கவே கூடாதா? அப்படியல்ல. இன்று சந்தையில் நடக்கும் பரிமாற்றத்தில் பெரும்பங்கு பணப்பை வழியாக நடப்பதே இல்லை. அது யுபிஐ. ரிசர்வ் வங்கியும் இந்திய வங்கிகள் சங்கமும் முன்னின்று 2008ல் அமைத்த தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகம், 2016 ஏப்ரலில் தொடங்கிய ஏற்பாடு இது. கொடுப்பவரின் வங்கிக் கணக்கிலிருந்து வாங்குபவரின் கணக்குக்குப் பணம் நேரே போகிறது. நடுவில் யாருடைய பையிலும் தங்குவதில்லை. யுபிஐ சானல் என்றால், பணப்பை அடுத்தவர் குளம். 2025 ஆகஸ்டு மாதத்தில் மட்டும் இந்த வழியில் 2,000 கோடி தடவைக்கு மேல் பணம் கைமாறியது. 2024 மார்ச்சில் பேடிஎம்மின் வங்கிக்கு இடி விழுந்தபோதும், அதன் செயலி வேறு நான்கு வங்கிகளின் துணையோடு இந்தச் சானலில்தான் பிழைத்தது. 2025 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் 122 கோடி ரூபாய் லாபம் காட்டும் அளவுக்குத் தேறியது. யுபிஐ பரிமாற்றத்துக்குக் கடைக்காரரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2020 முதல் விதி இருக்கிறது. ஆகவே இந்தக் கம்பெனிகள் பேசும் பெட்டிக்கு வாடகை, கடனுக்குத் தரகு என்று வேறு வழிகளில் சம்பாதிக்கின்றன. கடைக்காரர் செல்போனில் "உங்களுக்குக் கடன் தயார்" என்று அடிக்கடி செய்தி வருவதன் காரணம் இதுதான்.

சானல் பொதுச் சொத்தானாலும் மடைகள் இரண்டு பேர் கையில் இருக்கின்றன. 2025 நிலவரப்படி பரிமாற்றங்களில் பத்தில் எட்டுப் பங்கு போன்பே, கூகுள் பே என்ற இரண்டின் வழியாகவே. ஒருவருக்கு 30 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாதென 2020ல் அறிவித்த வரம்பை, 2024 டிசம்பரில் மேலும் இரண்டு ஆண்டுகள் தள்ளி வைத்தார்கள்.

சந்தையில் இன்னொரு விஷயமும் கண்ணில் படுகிறது. கிழங்கும் மலக்கறியும் விற்கும் பெண்கள் பலரிடம் இருக்கும் அட்டை அவர்கள் கணக்குக்கு உரியதல்ல. மகனுடையது, சில இடங்களில் மருமகனுடையது. "மகனுக்க நம்பருக்குப் போட்டாச்சு அக்கா" என்று வாங்குபவர் சொல்லிவிட்டுப் போகிறார். விடியற்காலையில் பறித்து, கட்டி, சுமந்து வந்தவரின் கைக்கு அன்று மாலை பஸ்ஸுக்கும் காசில்லை. ரொக்கமாக வாங்கிய காலத்தில் முந்தானையில் முடிந்த பணம் அவருடையதாக இருந்தது. அதில் சிட்டிக்குக் கட்டினார், பேத்திக்குப் பண்டம் வாங்கினார். இப்போது மகனிடம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. மகன் நல்லவனாக இருந்தால் சரி. இதற்குக் கம்பெனியைக் குறை சொல்லிப் பயனில்லை. தாயின் பெயரில் கணக்கு, தாயின் பெயரில் அட்டை என்று பிள்ளைகளே முன்வந்து செய்து கொடுக்க வேண்டும். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. அதைக் கேட்பவன் திருடன் என்று சொல்லியும் கொடுக்க வேண்டும். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவித்தால் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு.

இனிப் பணம் தங்கும் இடத்துக்கு வருவோம். தமிழகக் கூட்டுறவுச் சங்கங்களில் பயிர்க்கடனைக் கெடுவுக்குள் திருப்பிக் கட்டுவோருக்கு வட்டி இல்லை. 2021 பிப்ரவரியில் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடனை அரசு தள்ளுபடி செய்தபோது பயன் பெற்றவர்கள் கூட்டுறவில் கணக்கு வைத்திருந்தவர்களே. செல்போன் செயலியில் கடன் வாங்கியவருக்கு எந்த அரசும் தள்ளுபடி செய்ததில்லை. எனவே குலை விற்ற பணம் வந்து விழ வேண்டியது, நாளைக்குக் கடன் கேட்கக்கூடிய வங்கியிலோ கூட்டுறவிலோ உள்ள கணக்கில்.

இதற்குச் சங்கங்களும் இடம் கொடுக்க வேண்டும். நாட்டிலுள்ள 63,000 தொடக்க வேளாண் கூட்டுறவுச் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2022 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. கணினி வந்தால் மட்டும் போதாது. உர மூட்டைக்கும் கடன் தவணைக்கும் நகைக்கடன் வட்டிக்கும் உறுப்பினர் நின்ற இடத்திலேயே செல்போனில் கட்டும் வசதி எல்லாச் சங்கத்திலும் வேண்டும். கட்டியதற்குத் தமிழில் ரசீது வேண்டும். பட்டன் போன் வைத்திருப்பவரும் பேச்சு வழியாகவே பணம் அனுப்ப 2022 மார்ச் முதல் ஏற்பாடு இருக்கிறது. சங்கச் செயலாளர் ஒரு திங்கட்கிழமை சந்தைக்கே போய் அதைச் செய்து காட்டலாம். கன்னிப்பூ நாற்றங்காலுக்கு விதை எடுக்க உறுப்பினர்கள் வருவதற்கு முன்பே இதற்குக் கூட்டுறவுத் துறை ஆவன செய்ய வேண்டும்.