‘திறமைக்கு எல்லை இல்லை’ என்னும் நம்பிக்கை

லினக்ஸ் சர்வர் சென்னையிலும் ஒன்றுதான், டல்லாஸிலும் ஒன்றுதான். ஆகவே அதைப் பராமரிக்கத் தெரிந்தவருக்கு எந்த நாட்டிலும் அதே மதிப்பு உண்டு, வெளிநாட்டில் வேலை அமைந்துவிட்டால் அவர் வாழ்க்கை நிலைபெற்றுவிடும் என்னும் நம்பிக்கை தமிழ்நாட்டுக் குடும்பங்களில் கேள்வியின்றி ஏற்கப்படுகிறது. கல்விக் கடன் வாங்குவதும், வரன் பார்ப்பதும், பெற்றோர் தம் முதுமைக்கு வழி செய்வதும் இதை நம்பியே நடக்கின்றன. இந்த நம்பிக்கை தவறானது; அதை நம்பிப் புறப்பட்டவரையே இக்கட்டில் விடுவது. அமெரிக்கா செல்லும் சிஸ்டம் அட்மின்களின் நிலையே இதற்குப் போதிய சான்று.

சிஸ்டம் அட்மின் என்பவர் ஒரு நிறுவனத்தின் சர்வர்கள், நெட்வொர்க், பயனர் கணக்குகள், பேக்கப் ஆகியவை தடையின்றி இயங்கப் பார்த்துக்கொள்பவர். அவருடைய அறிவில் ஒரு பாதிதான் கட்டளைகளையும் சான்றிதழ்த் தேர்வுகளையும் சார்ந்தது. மறுபாதி அவர் பணியாற்றும் இடத்தைச் சார்ந்தது. யுபிஎஸ் பேட்டரி எத்தனை நிமிடம் தாங்கும், ஜெனரேட்டர் ஓடத் தாமதமானால் எந்தச் சர்வரை முதலில் நிறுத்த வேண்டும், கணக்குப் பிரிவினர் மாதக் கடைசியில் எந்த இரவில் அறிக்கை எடுப்பார்கள், லாக் கோப்புகள் பெருகி டிஸ்க் நிரம்பும்போது எதை அழித்தால் ஆபத்தில்லை என்பதெல்லாம் எந்தப் பாடநூலிலும் இல்லை. பல ஆண்டுகளில் சேர்ந்த இந்த அறிவை வேறொரு நிறுவனத்துக்கே கொண்டுபோக முடியாது என்னும்போது வேறொரு நாட்டுக்கு எப்படிக் கொண்டுபோவது? அமெரிக்கப் பெருநிறுவனங்களிலோ, முதலீட்டாளர்களைக் கணக்கு மோசடியிலிருந்து காக்க 2002-இல் இயற்றப்பட்ட சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டத்தின் விளைவாக, நிதிக்கணக்கு சார்ந்த மென்பொருளை எழுதுபவரே அதைச் சர்வரில் ஏற்றக் கூடாது என்றும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்கூட்டியே ஒப்புதல் பதிவாக வேண்டும் என்றும் தணிக்கையாளர்கள் எதிர்பார்க்கிறார்கள். சென்னையில் நள்ளிரவில் தாமே முடிவெடுத்துப் பழுதை நீக்கிப் பாராட்டுப் பெற்ற ஒருவர் அங்கே அதே செயலுக்கு விளக்கம் எழுத வேண்டியிருக்கும்.

இதையாவது ஓரிரு ஆண்டுகளில் கற்றுக்கொள்ளலாம். கற்றுத் தீராதது விசா. பெரும்பாலோர் செல்லும் எச்-1பி விசா ஒரு நிறுவனம் ஒரு குறிப்பிட்ட பணிக்காக விண்ணப்பித்துப் பெறும் தற்காலிக அனுமதி. மூன்று மூன்று ஆண்டுகளாக ஆறு ஆண்டு வரை செல்லும், கிரீன் கார்டு எனப்படும் நிரந்தர வசிப்புரிமைக்கான முயற்சி நடந்துகொண்டிருந்தால் அதற்கு மேலும் நீளும். குறிப்பிட்ட துறையில் பட்டம் இன்றியமையாத பணிக்கே இது உரியது. சிஸ்டம் அட்மின் பணிகளில் சிலவற்றுக்குச் சான்றிதழ்ப் படிப்போ இரண்டாண்டுப் படிப்போ போதும் என்று அமெரிக்கத் தொழிலாளர் துறையின் கையேடே சொல்வதால், விண்ணப்பம் முதல் படியிலேயே ஐயத்துக்கு உள்ளாகக்கூடும். வேலை போனால் அதிகபட்சம் 60 நாள்களுக்குள் வேறொரு நிறுவனம் இவருக்காக விண்ணப்பிக்க வேண்டும்; இல்லையேல் வேறு விசாவுக்கு மாற வேண்டும், அல்லது நாட்டை விட்டு வெளியேற வேண்டும்.

கிரீன் கார்டு பெறுவதற்கான வழிமுறைதான் இத்தொழிலுக்கு மிகப் பெரிய கேடு செய்கிறது. நிறுவனம் ஒரு பணியை வரையறுத்து, விளம்பரம் செய்து, தகுதியுள்ள அமெரிக்கர் கிடைக்கவில்லை என்று தொழிலாளர் துறையிடம் சான்று பெறுகிறது. அதற்கு விண்ணப்பித்த நாளே வரிசையில் இவருடைய முன்னுரிமைத் தேதி ஆகிறது. பணியின் இயல்பு பெரிதும் மாறினால் சான்றைப் புதிதாகப் பெற வேண்டும். தேதி நிலைத்தாலும் செலவும் அச்சமும் மீண்டும் தொடங்கும். இத்தொழிலோ நிற்காமல் மாறுவது. சர்வர்களின் அமைப்பைக் குறிப்பேடுகளாக எழுதித் தானாக நிறுவும் பப்பெட் என்னும் கருவி 2005-இல் வந்தது. அமேசான் 2006-இல் சர்வர்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியது. மென்பொருள் எழுதுவதையும் இயக்குவதையும் ஒரே குழுவின் பொறுப்பாக்கும் டெவ்ஆப்ஸ் 2009-இல் பெயர் பெற்றது. இவற்றுக்குப் பின் பழைய வரையறையில் நீடிக்கும் அட்மின் தேங்கித்தான் போவார். அப்படியிருக்க, மாற்றத்தையே உயிராகக் கொண்ட ஒரு தொழிலில் இருப்பவரைப் பத்தாண்டுக்கும் மேலாக ஒரே பணி விவரணையில் கட்டிவைப்பதையும், வரிசை கலையுமோ என்று அஞ்சி அவர் பதவி உயர்விலிருந்து ஒதுங்குவதையும் முன்னேற்றம் என்று அழைக்க முடியாது.

அந்த வரிசை திறமையை அளப்பதும் இல்லை. வேலைவாய்ப்பு வழியில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டுகளே உண்டு. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் பொதுவாக அதில் 7 விழுக்காட்டுக்கு மேல் கிடையாது. கணக்கில் கொள்ளப்படுவது பிறந்த நாடு. 2025 ஜூலை மாத விசா அறிவிக்கையில், வேலைவாய்ப்பு வழியின் இரண்டாம் பிரிவில் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு முறை வந்திருந்த முன்னுரிமைத் தேதி 2013 ஜனவரியில் நின்றது. இலங்கை உள்ளிட்ட பெரும்பாலான நாடுகளுக்கு அது 2023 அக்டோபர். திருநெல்வேலியில் பிறந்த தமிழரும் யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழரும் ஒரே அலுவலகத்தில் ஒரே சர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாலும், முன்னவர் பின்னவரைவிடப் பத்தாண்டுக்கும் மேல் பின்தங்கி நிற்கிறார். திறமைக்கு எல்லை இல்லை என்பவர்கள் இந்த இரண்டு தேதிகளுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

ஊதியம் பலமடங்கு உயர்கிறது என்பதையோ, ஊரில் கடன் அடைகிறது என்பதையோ மறுக்க வேண்டியதில்லை. கூகுளின் தலைமைப் பொறுப்புக்கு உயர்ந்த சுந்தர் பிச்சையைச் சான்று காட்டுவோர் மட்டும், அவர் ஸ்டான்ஃபோர்டில் மேற்படிப்புக்காகச் சென்று 2004-இல் கூகுளில் பொருள் மேலாண்மைப் பணியில் சேர்ந்தவர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அட்மின் நடக்கும் வழி அதுவன்று.

வீட்டு வாழ்க்கையில் இந்தக் காத்திருப்பின் விலை இன்னும் கடுமையானது. அமெரிக்காவில் தங்கும் அனுமதி நடப்பில் இருந்தாலும், கடவுச்சீட்டில் ஒட்டிய விசா காலாவதியாகியிருந்தால், தந்தையின் இறுதிச் சடங்குக்கு ஊர் வந்த மகன் தூதரகத்தில் நேர்காணல் தேதி பெற்றுப் புது விசா வாங்காமல் திரும்ப முடியாது. இந்த அச்சத்தில் வராமலே இருந்துவிடுபவர்களை உறவினர்கள் கல்நெஞ்சர்கள் என்கிறார்கள், அது அநியாயம். மூன்று வயதில் அங்கே சென்ற குழந்தைக்கும் 21 வயதானதும் பெற்றோரைச் சார்ந்திருக்கும் தகுதி போய்விடுகிறது. 2002-இல் இயற்றிய பிள்ளைகள் நிலைப் பாதுகாப்புச் சட்டம் நிறுவனத்தின் மனு பரிசீலனையில் இருந்த நாள்களை மட்டுமே வயதிலிருந்து கழிக்கிறது, வரிசையில் கழிந்த ஆண்டுகளைக் கழிப்பதில்லை. ஆகவே அங்கேயே பள்ளி முடித்த அந்தப் பிள்ளை, தாய் தந்தையர் இன்னும் வரிசையில் நிற்கையிலேயே, தனக்கென ஒரு மாணவர் விசாவைத் தேட வேண்டும்.