அதிதிக்கு ஒரு பங்கு

"வீட்டில் அரிசி இருக்கிறது, பருப்பு இருக்கிறது, சமைக்கக் கையும் இருக்கிறது, ஆயினும் பிள்ளைகள் வெளியில் வாங்கி உண்கிறார்களே!" கோயில் பிராகாரத்தில் அமர்ந்து உரையாடும் பெரியவர்களிடையே இக்குறை அடிக்கடி எழுகிறது. குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. அடுக்களையில் தோசைக்கல் காய்ந்த நாள்கள் குறைந்து, வாசல் மணி ஒலித்துப் பொட்டலம் வந்து சேரும் நாள்கள் பெருகிவிட்டன.

சென்னைக்கு மேற்கே, அரக்கோணம் செல்லும் ரயில் பாதையில், திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டைக்கும் இடையே அமைந்த வேப்பம்பட்டிலும் இதே காட்சிதான். நகரத்தில் வாடகைக்குக் குடியிருந்து, சிறுகச் சிறுகச் சேமித்து மனை வாங்கி, வீடு கட்டிக் குடியேறிய குடும்பங்கள் நிறைந்த ஊர் அது. மாலையில் புறநகர் ரயிலிலிருந்து இறங்குவோர் கைகளில் வடையோ பஜ்ஜியோ ஒரு பொட்டலமாக வீடு நோக்கிச் செல்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்றால் பேரப்பிள்ளைகள் செல்பேசியில் தட்டி, பாட்டி பெயர் கேட்டறியாத பண்டங்களையெல்லாம் வரவழைக்கிறார்கள். பாட்டி செய்து வைத்த முறுக்கோ டப்பாவில் நமுத்துப் போகிறது.

வெளி உணவு ஆகாது என்று ஒரேயடியாகத் தீர்ப்புச் சொல்வது எளிது. ஆனால் வேப்பம்பட்டைச் சுற்றியுள்ள திருத்தலங்கள் உணவைப் பற்றிச் சொல்லும் செய்தி அவ்வளவு எளிதானதன்று. உணவு எங்கே சமைக்கப்பட்டது என்பதை விட, அதில் யாருக்குப் பங்கு இருந்தது என்பதையே அவை கேட்கின்றன.

எவ்வுளில் வந்த விருந்தாளி

வேப்பம்பட்டிலிருந்து மேற்கே மூன்றாவது நிலையம் திருவள்ளூர். திருமழிசையாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய திருவெவ்வுள் இதுவே. அஹோபில மடத்தின் நிர்வாகத்திலுள்ள வீரராகவப் பெருமாள் கோயிலுக்கு அமாவாசைதோறும் அடியார்கள் திரள்வதும், நோய் தீர வேண்டி ஹ்ருத்தாபநாசினி குளத்தில் வெல்லம் கரைப்பதும் அனைவரும் அறிந்தவை. அங்கே சயனித்திருக்கும் பெருமாளின் வலக்கரம் ஒரு முனிவரின் தலைமேல் படிந்திருக்கிறது. அவர் சாலிஹோத்திரர்.

தலபுராணம் கூறும் வரலாறு இது. ஓராண்டுக் காலம் உண்ணாநோன்பிருந்த முனிவர், சிந்திய நெல்மணிகளைப் பொறுக்கிச் சேர்த்து, அரிசியாக்கி, மாவாக்கினார். பெருமாளுக்கு நிவேதித்துவிட்டு, அதிதி எவரேனும் வருவாரா என்று காத்திருந்தார். தள்ளாத முதியவர் ஒருவர் வந்தார். மாவில் ஒரு பங்கைத் தந்தார் முனிவர். உண்டவர், பசி அடங்கவில்லை என்றார். தமக்கென வைத்த பங்கையும் தந்துவிட்டு, மீண்டும் ஓராண்டு நோன்பைத் தொடர்ந்தார் முனிவர். மறு ஆண்டும் அதே மாவு, அதே காத்திருப்பு, அதே முதியவர். உண்டு முடித்த களைப்பில் அவர், "படுத்து இளைப்பாற எவ்வுள்?" என்று கேட்டார். முனிவர் தம் பர்ணசாலையைக் காட்டினார். அங்கே சயனித்தவர் பெருமாளாகக் காட்சி தந்தார். 'எந்த உள்?' என்ற ஒரு விருந்தாளியின் கேள்வியே தலத்தின் பெயராக நிலைத்தது.

இவ்வரலாற்றில் வடை பாயசம் இல்லை; வெறும் அரிசி மாவுதான். அந்த மாவைச் சிறப்பித்தது அதில் ஒதுக்கி வைக்கப்பட்ட அதிதியின் பங்கு. திதி குறிப்பிடாமல் வருபவரே அதிதி. அழைப்பிதழ் பெற்று வருபவருக்கு இலை போடுவது எவர்க்கும் இயலும். யார் வருவார் என்று தெரியாமலேயே ஒரு பங்கை எடுத்து வைப்பதுதான் அருமை.

கடைப்பந்தியில் அமர்ந்தவர்

வேப்பம்பட்டுக்குத் தென்கிழக்கே உள்ள திருவேற்காட்டைக் கருமாரியம்மன் தலமாகவே பலரும் அறிவர். அறுபத்து மூவரில் ஒருவரான மூர்க்க நாயனார் அவதரித்த ஊரும் அதுவே. அடியார்களுக்கு அமுது படைத்து, அதன்பின்னரே தாம் உண்பது என்பது அவர் நியமம். செல்வம் கரைந்தது, நிலபுலன்களும் விலையாயின. ஆயினும் அன்னம் நின்றுவிடக் கூடாதென்று, தமக்குத் தெரிந்த சூதாட்டத்தையே பொருளீட்டும் வழியாகக் கொண்டு ஊர் ஊராகச் சென்றார். குடந்தை வரை சென்றார். சூதில் வந்த பொருளைத் தம் கைப்படத் தொடாமல், சமைப்பவர்களிடம் சேர்ப்பித்து அடியார்களை உண்பித்தார். தாம் கடைப்பந்தியில் அமர்ந்து உண்டார்.

சூதாட்டத்தை நியாயப்படுத்தும் கதையன்று இது. அவர் கைக்கொண்ட வழியைப் பின்பற்றுமாறு பெரியோர் எவரும் கூறியதில்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கடைப்பந்தியை. பல வீடுகளில் பாட்டிமார்களும் தாய்மார்களும் பெயர் சொல்லாமலேயே இந்நியமத்தைக் காத்து வந்தனர். அனைவரும் உண்ட பின், பாத்திரத்தின் அடியில் இருந்ததைக் கொண்டு தம் பசியை ஆற்றினர். ஆண்டுக்கணக்கில் அப்படி உண்டவர்கள், வாரத்தில் ஒருநாள் உணவு விடுதியில் முதல் பந்தியில் அமர்ந்து, சூடாக ஒரு தோசையை யாரோ பரிமாற உண்டால், அதைக் குறை சொல்லுவதற்கு எவருக்கும் உரிமையில்லை.

இலை போட்டும் நிறையாத விருந்து

திருவேற்காட்டை அடுத்த பூவிருந்தவல்லி, திருக்கச்சி நம்பிகள் அவதரித்த தலம். காஞ்சி வரதனுக்கு ஆலவட்டம் வீசிக் கைங்கரியம் செய்தவர். அப்பெருமாளோடு உரையாடும் பேறு பெற்றவர். அவர் உண்ட சேஷத்தை உண்ண விரும்பிய இராமானுசர், அவரைத் தம் இல்லத்துக்கு அமுது செய்ய அழைத்தார். அவரை எதிர்கொண்டு அழைத்துவர இராமானுசர் ஒரு வழியாகச் செல்ல, நம்பிகள் வேறு வழியாக வந்து, கைங்கரியத்துக்கு நேரமாகிறது என்று கூறி, உண்டு சென்றுவிட்டார். இராமானுசரின் தேவியாரோ அவர் குலத்தை எண்ணி இலையை அப்புறப்படுத்தி, இடத்தை மெழுகி, நீராடி, மறுபடி சமைத்தார். திரும்பி வந்த இராமானுசர் உள்ளம் நொந்தார் என்று குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன.

அன்று அவ்வீட்டில் சமையலில் குறையில்லை. இலை போடப்பட்டது, விருந்தாளியும் உண்டார். இருந்தும் அது விருந்தாகவில்லை. வீட்டில் சமைத்தது என்ற ஒன்றே உணவைப் புனிதமாக்கிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மடப்பள்ளியும் உணவு விடுதியும்

வெளி உணவு என்பது புதிதும் அன்று. கோயில் பிரசாதமே வீட்டில் சமைக்காத உணவுதானே! காஞ்சி வரதராஜர் கோயிலில் மூங்கில் குடலையில் மந்தாரை இலை பரப்பி, மிளகு, சீரகம், சுக்கு சேர்த்து வேகவைக்கும் இட்லியையும், அழகர்கோயில் தோசையையும் நினைத்தாலே நாவூறும். திருப்பதி லட்டு 2009ஆம் ஆண்டிலும், பழநிப் பஞ்சாமிர்தம் 2019ஆம் ஆண்டிலும் புவிசார் குறியீடு பெற்றன. 2002ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய அன்னதானத் திட்டத்தால் எத்தனையோ கோயில்களில் நண்பகலில் முன்பின் அறியாதவர்கள் ஒரே வரிசையில் அமர்ந்து உண்கிறார்கள்.

உணவு விடுதிகளுக்கும் கோயில் சமையலோடு உறவு உண்டு. உடுப்பியில் மடத்துச் சமையற்கூடத்தில் இளமையில் பணிபுரிந்த கே.கிருஷ்ண ராவ், 1938ஆம் ஆண்டில் சென்னை இராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் தொடங்கினார். மடத்துச் சாம்பார் மாநகரத்தின் சாம்பாராயிற்று.

அதற்கு முன், வெளியில் கால் வைத்தால் கட்டுச்சோறு என்பதே வழக்கம். 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது, இன்று வேப்பம்பட்டு வழியாகச் செல்லும் இதே பாதையில்தான். நடந்தும் வண்டி கட்டியும் சென்ற திருவள்ளூர் யாத்திரை, ரயில் வந்தபின் ஒருநாள் பயணமாயிற்று. புளியோதரையும் தயிர்ச்சோறும் தூக்கிலும் வாழையிலையிலும் அடங்கி உடன் சென்றன. காபி கிளப்புகள் தோன்றியபோது முதியவர்கள் முகம் சுளித்தார்கள். சில கடைகள் குலம் பார்த்து இடம் பிரித்ததும் உண்டு. அந்தப் பிரிவினை மறைந்து, பக்கத்து நாற்காலியில் அமர்ந்தவர் யார் எவர் என்று கேளாமல் உண்ணும் நிலை வந்தது. பூவிருந்தவல்லி நம்பிகளுக்கு ஒரு வீட்டில் கிடைக்காத மதிப்பு, அவ்வகையில் பொது விடுதியின் பெஞ்சில் எல்லார்க்கும் கிடைத்தது. வெளி உணவின் கணக்கில் இதை வரவாகவே எழுத வேண்டும்.

செலவுப் பக்கமும் இல்லாமலில்லை. பலமுறை காய்ச்சிய எண்ணெய், மிகுந்த உப்பு, சூடான குழம்பை ஊற்றிக் கட்டும் பிளாஸ்டிக் பை ஆகியவை முதியவர் உடலுக்குப் பகை. ஒருமுறை மட்டும் பயன்படும் இத்தகைய பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி முதல் தடை இருந்தும் அவை முற்றிலும் ஒழியவில்லை. வீட்டிலிருந்து ஒரு தூக்கோ எவர்சில்வர் டப்பாவோ கொண்டு சென்றால் பாதிக் கேடு நீங்கும்.

வாசலில் நிற்பவர்

எல்லாவற்றையும் விட ஆழமான இழப்பு ஒன்று உண்டு. முன்பு அடுக்களையில் ஒரு கைப்பிடி கூடுதலாகவே உலை வைப்பார்கள். யாரேனும் வரலாம் என்பதே காரணம். இன்று தலைக்கு ஒன்று என எண்ணி வரவழைக்கும் உணவில் அந்தக் கூடுதல் கைப்பிடி இல்லை. எண்ணி வாங்கிய நான்கு பொட்டலத்தில் ஐந்தாமவருக்கு இடமேது?

ஆனால் அந்த ஐந்தாமவர் நாள்தோறும் வந்துகொண்டுதான் இருக்கிறார். பொட்டலத்தைச் சுமந்து, வெயிலிலும் மழையிலும் இருசக்கர வண்டியில் வரும் இளைஞரே அவர். நண்பகலில், ஊர் உண்ணும் நேரத்தில்தான் அவருக்கு வேலை மிகுதி. பிறர் உணவின் மணத்தை முதுகில் சுமந்தபடி, தாம் உண்ணாமல், எண் தேடித் தெருத் தெருவாக அலைகிறார். பெயர் தெரியாது, திதி தெரியாது. அடுத்த முறை வருபவர் வேறொருவர். அதிதி என்ற சொல்லுக்கு இவரைவிடப் பொருத்தமானவர் யார்? கதவிடுக்கில் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்துகையில், 'எவ்வுள்' என்று கேட்ட முதியவர் நின்ற வாசலில் நிற்பவரைத்தான் வீட்டார் அனுப்பிவிடுகிறார்கள்.

"தம்பி, சாப்பிட்டாயா? ஒரு வாய் மோர் குடித்துவிட்டுப் போ" என்று சொல்ல எந்தச் செலவும் இல்லை. மோரில் சிறிது உப்பும் பெருங்காயமும் கறிவேப்பிலையும் இட்டு ஒரு சொம்பு எடுத்து வைத்தால் போதும். டப்பாவில் நமுத்துப்போகும் முறுக்குக்கும் உண்ண ஓர் ஆள் கிடைப்பார். அவசரத்தில் மறுத்துவிட்டுப் போனாலும் குற்றமில்லை, கேட்டது கேட்டதுதான்.

சாலிஹோத்திரரின் மாவு

பேரப்பிள்ளைகள் ஊரிலிருந்து வரும் நாளில், கடைப்பண்டத்தைத் தடுக்காமல், அதோடு வீட்டுப் பண்டம் ஒன்றையும் சேர்ப்பது நலம். மாவிளக்கு அதற்கு ஏற்றது. சாலிஹோத்திரர் படைத்த அதே அரிசி மாவு. திருக்குளத்தில் கரைக்கும் அதே வெல்லம்.

பச்சரிசியைக் களைந்து ஒரு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் நிழலில் உலர்த்த வேண்டும். தொட்டால் ஈரம் தெரிய வேண்டும். கையில் ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில் அரைத்துச் சலித்து, இரண்டு பங்கு மாவுக்கு ஒரு பங்கு பொடித்த வெல்லமும் ஏலப்பொடியும் சேர்த்துப் பிசைய வேண்டும். உருட்டிக் குழித்து, நெய் வார்த்துத் திரியிட்டு ஏற்றலாம். சலிக்கும் வேலையைப் பேத்தியிடமும், வெல்லம் பொடிக்கும் வேலையைப் பேரனிடமும் தந்தால், கை பட்ட பண்டத்தை வாய் தானே தேடும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் விளக்கைக் கண்ணால் கண்டு, நுனிவிரல் அளவு பிரசாதமாகக் கொள்வது நலம்.

கை தளர்ந்து, எதுவும் செய்ய இயலாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. வேப்பம்பட்டுக்குக் கிழக்கே அடுத்த நிலையமான திருநின்றவூரில் வாழ்ந்த பூசலாருக்குக் கல்லும் இல்லை, பொருளும் இல்லை. மனத்திலேயே அவர் கட்டிய கோயிலுக்கு இறைவன் எழுந்தருளினான். கடையில் வாங்கிய நான்கு இட்லியேயானாலும், அதில் ஒன்றைப் பக்கத்து வீட்டில் தனித்திருக்கும் முதியவருக்கு என்று எடுத்து வைப்பவர் செய்வது சாலிஹோத்திரரின் கைங்கரியமே.

வரும் அமாவாசையன்று திருவள்ளூருக்குப் புறப்படும் அன்பர்கள், கட்டுச்சோறு கட்டினாலும் ஓட்டலில் வாங்கினாலும், ஒரு பொட்டலம் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். அதை வாங்கிக்கொள்பவர் ரயில் பெட்டியிலோ, குளக்கரைப் படியிலோ நிச்சயம் இருப்பார்.