ஸ்டென்ட்டுக்கு முந்திய மணித்தியாலங்கள்

மாரடைப்பு வந்து, அடைபட்ட இருதய நாளத்தைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் வைக்கப்பட்டவர்களில், வைத்தியசாலையிலேயே இறப்பவர்களின் விகிதம் ஆண்களைவிடப் பெண்களிடம் கூடுதல் எனப் பல நாடுகளின் பதிவேடுகள் காட்டுகின்றன. வயது, நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், சிறுநீரகப் பழுது ஆகியவற்றைக் கணக்கில் எடுத்தால் இந்த இடைவெளி பெரிதும் குறைகிறது. பெண்களுக்கு இருதய நாள நோய் ஏறத்தாழ 7 முதல் 10 ஆண்டுகள் பிந்தியே தலைகாட்டுவதால், இந்த வருத்தங்களும் கூடவே வந்துவிடுகின்றன. மருந்து பூசிய ஸ்டென்ட் பெண்ணின் ஒடுங்கிய நாளத்திலும் நன்றாகவே வேலை செய்கிறது. ஆகவே குறையை ஸ்டென்ட்டில் தேடிப் பயனில்லை; அதற்கு முந்திய மணித்தியாலங்களில்தான் முதலில் தேடவேண்டும்.

கொழும்பில் வெள்ளவத்தையின் தொடர்மாடிகளில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனித்து வாழும் முதிய பெண்கள் பலர். இரவில் நெஞ்சு பாரமாகி, முதுகும் தாடையும் உளைந்து, ஓங்காளம் வந்தால், 'காஸ்ட்ரிக்' என்ற எண்ணமே முந்துகிறது. வேர்க்கொம்பு அவித்துக் குடித்து விடியும்வரை பொறுத்திருப்பதற்குள் இருதயத் தசை இறந்துகொண்டிருக்கும். களுபோவில வைத்தியசாலை அருகிலேயே இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் இருப்பவர்களுக்குத் தேசிய வைத்தியசாலை சில கிலோமீற்றர்தான். 1990ஐ அழைத்தால் வரும் இலவச சுவசெரிய அம்புலன்ஸ் 2016இலிருந்து ஓடுகிறது. காலம் வீணாவது பெரும்பாலும் வீட்டுக்குள்தான். பெண்களுக்கு நெஞ்சுநோ வராது என்ற பேச்சும் பிழை. அவர்களுக்கும் அதுவே முதன்மையான அறிகுறி, மற்றவை கூடச் சேர்கின்றன.

வைத்தியசாலைக்குள்ளும் கவனம் தவறலாம். இருதயத் தசைச் சேதத்தை இரத்தத்தில் காட்டும், பரவலாகப் பயன்படும் ஓர் அதியுணர் ட்ரொபோனின் சோதனையில் மேல்வரம்பு ஆணுக்கு லீற்றருக்கு 34 நனோகிராம், பெண்ணுக்கு 16. இருவருக்கும் ஆணின் அளவையே வைத்தால், பெண்ணின் சிறிய மாரடைப்பு 'நோர்மல்' ஆகிவிடும்.

ஸ்டென்ட் வைக்கும்போது பெண்களுக்கான பெரிய ஆபத்து இரத்தக்கசிவு. உடல் எடை குறைந்து சிறுநீரகமும் தளர்ந்திருக்கையில், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசிமருந்தை எடை பார்க்காமல் ஏற்றினால் அது அளவுக்கு மிஞ்சிவிடுகிறது. தொடை இடுக்கை விட்டு மணிக்கட்டு வழியாக ஸ்டென்ட் வைக்கும் குழாயைச் செலுத்துவது இக்கசிவை வெகுவாகக் குறைக்கிறது. பெண்ணின் மணிக்கட்டு நாளம் சிறியது, எளிதில் இறுகிக்கொள்ளும். அதனால் பாதியில் தொடைக்கு மாறவேண்டி வருவதும் அவர்களிடம்தான் அதிகம். கைதேர்ந்த வைத்தியரும் மெல்லிய குழாயும் இருந்தால் இதையும் பெருமளவு தவிர்க்கலாம்.

வீடு திரும்பிய பிறகு, தோலில் நீலம் பாரிப்பதைக் கண்டு பயந்து, இரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோகிரெல் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. முதல் மாதங்களில் அப்படி நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள் இரத்தம் உறைந்து நாளம் திடீரென அடைபடலாம். நீலம் பாரித்தால் கிளினிக்கில் காட்டவேண்டும். மாத்திரையை நிறுத்துவதா மாற்றுவதா என்பதை வைத்தியரே தீர்மானிக்கவேண்டும்.