குளிர்பானப் போத்தலில் பிரேக் ஒயில்



இந்த மாதம் சமையலும் இல்லை, தையலும் இல்லை. ஒரு பிளாஸ்டிக் காரில் பூசிய பெயின்டைக் கழற்றுவது பற்றி எழுதப் போகிறேன். "ஆண்பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானுக்கும் நமக்கும் என்ன?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். இந்தக் காரினால் எங்கள் வீட்டில் ஒரு பெரிய முஸீபத் நடக்க இருந்தது. அல்லாஹ் காப்பாற்றினான்.

கொச்சிக்கடையில் எங்களுடையது மாடி வீடு. என் தம்பி துபாயிலிருந்து வந்தபோது மூத்த மகனுக்கு ஒரு கார் செட் கொண்டு வந்தார். துண்டு துண்டாக இருக்கும் பாகங்களைப் பசை போட்டு ஒட்டி, தானே பெயின்ட் அடித்து முடிக்க வேண்டிய மாதிரிக் கார். பதினொரு வயது மகன் நான்கு நாள் உட்கார்ந்து அழகாக ஒட்டினான். பெயின்ட் வாங்கும் வரை அவனுக்குப் பொறுமை இல்லை. எங்களுக்கு முன்பு குடியிருந்தவர்கள் படிக்குக் கீழே விட்டுப்போன ஒரு சிவப்பு எனாமல் டின்னை எடுத்து, கதவுக்குப் பூசும் பிரஷால் பூசி விட்டான். காலையில் பார்த்தால் பெயின்ட் வழிந்து கட்டியாகி, பிரஷ் மயிரும் விரல் அடையாளமும் ஒட்டிக் கிடந்தது. பிள்ளை அழுத அழுகையைப் பார்க்க முடியவில்லை.

நான் செய்த முதல் பிழை தின்னர். துணியில் நனைத்து மூடியில் ஒரு தரம் தேய்த்தேன். பெயின்ட் வந்தது. கூடவே பிளாஸ்டிக்கும் கரைந்து, மெழுகு போல் இளகி விட்டது. மகன் ஒன்றும் பேசாமல் காரை வாங்கிக்கொண்டு போய் விட்டான்.

அடுத்த நாள் அவன் தெரிந்த ஒருவரிடம் கேட்டிருக்கிறான். "பிரேக் ஒயிலில் ஊறப் போடு, பெயின்ட் கழன்று விடும்" என்று சொல்லி, குளிர்பானம் வந்த வெறும் போத்தலில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தும் விட்டார்கள். அவன் அதைக் கொண்டுவந்து குசினி மேசையில் வைத்து விட்டுக் கைகால் கழுவப் போனான். இளம் மஞ்சள் நிறம். பார்த்தால் யாரும் ஜூஸ் என்றுதான் நினைப்பார்கள். நான் லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்க்கிறேன், இரண்டு வயது மகள் கதிரையில் ஏறி நின்று மூடியைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். மூடி இறுக்கமாக இருந்ததால் தப்பினாள். இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

அந்த மனிதர் சொன்னது பொய்யல்ல. பிரேக் ஒயில் பெயின்டைக் கழற்றும். மோட்டார் வாகனத்தின் மேல் சிந்தினால் பெயின்ட் போய் விடும் என்று வாகனம் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். ஆனால் அதில் இருப்பது கிளைக்கோல் இனத்தைச் சேர்ந்த இரசாயனம். உள்ளே போனால் மூளையையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். இந்த இனத்தில் சிலவற்றுக்கு இனிப்புச் சுவையும் உண்டு. ஒரு முறை வாயில் வைத்த குழந்தை, கசக்கிறதென்று துப்பி விடும் என்று நம்பி இருக்க முடியாது.

ஆகவே தாய்மாரே, முதலில் இந்த ஒரு பழக்கத்தை வீட்டில் சட்டமாக்குங்கள். மண்ணெண்ணெய், தின்னர், பெற்றோல், பிரேக் ஒயில், அசிட், எதுவானாலும் குடிக்கும் பண்டம் வந்த போத்தலுக்குள் போகக் கூடாது. நம் நாட்டில் சிறுபிள்ளைகள் தவறிக் குடித்து ஆஸ்பத்திரிக்கு வருபவற்றுள் மண்ணெண்ணெய் முக்கியமானது. அதற்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர்ப் போத்தல்தான்.

அப்படி ஏதும் நடந்து விட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். வாந்தி எடுக்கும்போது மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போகும், ஆபத்து இரட்டிப்பாகும். கோஸ்டிக் சோடா போன்றது தொண்டையை இரண்டாம் தடவையும் எரிக்கும். 1990ஐ அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். குடித்த போத்தலையும் கையோடு கொண்டு போங்கள். எதைக் குடித்தது என்று தெரிந்தால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது.

இனி காருக்கு வருவோம். பிள்ளையின் நான்கு நாள் உழைப்பைக் குப்பையில் போடவும் மனம் வரவில்லை. வீண்விரயம் நமக்கு ஆகாத ஒன்றல்லவா?

ஒட்டிச் செய்யும் கார்களின் உடல் பெரும்பாலும் பொலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக். தின்னர், பெற்றோல், நகப்பூச்சு அகற்றும் அசிட்டோன் ஆகியவை பெயின்டைக் கரைப்பது போலவே இதையும் கரைத்து விடும். என் கையில் மூடி இளகியது இதனால்தான். பிளாஸ்டிக்கைத் தொடாமல் பெயின்டை மட்டும் இளக்கும் ஒன்றுதான் நமக்கு வேண்டும்.

கோஸ்டிக் சோடா எனாமலைக் கழற்றும். வெள்ளி போல் மின்னும் பம்பர் பூச்சையும் எடுத்து விடும். ஆனால் ஒரு துளி தெறித்தால் கண் போய் விடும். உலோகத்தால் செய்த பொம்மைக் காரை அதில் போட்டால் உலோகத்தையே அரிக்கும். பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்த வேலைக்கு அதைத் தொடவே வேண்டாம். பாமசியில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஸ்பிரிட், தண்ணீரில் கரைக்கும் அக்ரிலிக் பெயின்டுக்கு நல்லது. நன்றாகக் காய்ந்த எனாமலுக்கு அது போதாது. அது இலகுவில் தீப்பற்றும் என்பதால் அடுப்புப் பக்கம் வைக்கக் கூடாது.

கடைசியில் எனக்குக் கைகொடுத்தது எல்லார் வீட்டிலும் இருக்கும் டெட்டோல்தான். தண்ணீர் கலக்கும் முன் தேன் நிறமாக இருக்கும் அந்தக் கிருமிநாசினியைத்தான் சொல்கிறேன். மாதிரிக் கார் செய்கிறவர்கள் நெடுங்காலமாக இதைப் பயன்படுத்தி வருகிறார்கள். நான் செய்த விதம் இது:

1. கண்ணாடி, டயர், மின்னும் பாகங்களைக் கழற்றினேன். தெளிவான பிளாஸ்டிக் கண்ணாடி மங்கி விடக்கூடும்.

2. மிஞ்சிய ஒரு பிளாஸ்டிக் துண்டை முதலில் டெட்டோலில் போட்டு ஒரு நாள் பார்த்தேன். இளகவில்லை என்று தெரிந்த பிறகுதான் காரைப் போட்டேன். எல்லாப் பிளாஸ்டிக்கும் ஒன்றல்ல, ஆகவே இதை விட்டு விடாதீர்கள்.

3. மூடியுள்ள ஐஸ்கிறீம் பெட்டியில் காரை வைத்து, தண்ணீர் சேர்க்காத டெட்டோலை மூழ்கும் வரை ஊற்றி, மூடி, அலுமாரியின் மேல் தட்டில் ஒரு நாள் வைத்தேன்.

4. ரப்பர் கையுறை போட்டு, யன்னலைத் திறந்து விட்டு, பழைய பற்தூரிகையால் தேய்த்தேன். தேய்க்கும்போதும் தூரிகையை டெட்டோலிலேயே நனைக்க வேண்டும். பெயின்ட் இருக்கும்போது தண்ணீர் பட்டால் எல்லாம் தார் போல் ஒட்டிக்கொள்ளும். வராத இடங்களுக்கு மறுபடியும் ஒரு நாள் ஊற வைத்தேன்.

5. பெயின்ட் முழுவதும் போன பிறகுதான் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, இரண்டு நாள் காற்றில் உலர விட்டேன்.

கழிவைப் பழைய கடதாசியில் ஒற்றி எடுத்துப் பையில் கட்டிக் குப்பைக்குப் போடுங்கள். பூனை உள்ள வீட்டில் கூடுதல் கவனம் தேவை. டெட்டோலில் உள்ள பீனோல் வகை இரசாயனம் பூனைகளுக்கு நஞ்சு. பாதத்தில் பட்டதை நக்கினாலே அதற்கு நோய் வரும்.

இந்த வேலையை நான் மகனிடம் விடவில்லை. நானே செய்தேன். அதற்கொரு காரணம் இருக்கிறது. அந்தப் பழைய டின் எந்த ஆண்டுடையது என்று யாருக்கும் தெரியாது.

முன்பு எனாமல் பெயின்டுகளில் ஈயம் சேர்ப்பது வழக்கம். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு நிறங்களில் அது அதிகம். நம் நாட்டில் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை 2011இல் வர்த்தமானி மூலம் இதற்கு அளவு விதித்தது. 2013 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. விளையாட்டுப் பொருட்களுக்குப் பூசும் பெயின்டில் கிலோவுக்கு 90 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்று அப்போது விதிக்கப்பட்டது. எனாமலுக்கு 600 மில்லிகிராம். அதற்கு முந்திய பெயின்ட் என்றால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

பெரிய கம்பனிகளும் இதில் தவறியிருக்கின்றன. 2007 ஆகஸ்டில் அமெரிக்காவின் மேட்டல் கம்பனி, சிறுவர் திரைப்படம் ஒன்றில் வரும் 'சார்ஜ்' என்ற பொம்மை வாகனத்தை உலகெங்கும் திருப்பி எடுத்தது. ஏறக்குறைய 436,000 பொம்மைகள். பெயின்டில் ஈயம் கூடியிருந்ததே காரணம்.

ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைத் தடுக்கும். படிப்பு, கவனம், குணம் எல்லாவற்றையும் பாதிக்கும். இவ்வளவு ஈயம் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாய்வழி உள்ளே போகும் ஈயத்தில், பெரியவர்களைவிட சிறுபிள்ளைகளின் உடல் நான்கைந்து மடங்கு கூடுதலாக உறிஞ்சும். இரும்புச் சத்தும் கல்சியமும் குறைந்த பிள்ளையில் இது இன்னும் கூடும். கர்ப்பிணித் தாயின் உடலில் சேர்ந்த ஈயம் வயிற்றிலுள்ள பிள்ளைக்கும் போகும். உடனே வலியும் காய்ச்சலும் வராததால் நமக்குத் தெரிவதுமில்லை.

ஆகவே உரிந்து கொட்டும் பெயின்டுள்ள பழைய பொம்மையை, வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். அதைச் சுரண்டிப் புதுப்பிக்கவும் வேண்டாம், போட்டு விடுங்கள். அது வீண்விரயம் ஆகாது.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. பெருநாள் வந்தால் நம் வீடுகளில் கதவு யன்னலுக்குப் பெயின்ட் அடிப்போம். கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பழைய வீடுகளில் பெயின்டின் மேல் பெயின்டாக எத்தனையோ பூச்சு இருக்கும். அதை உலர்ந்தபடி மண்கடதாசியால் தேய்த்தால் கிளம்பும் தூசு தரையிலும் பாயிலும் பிள்ளையின் கையிலும் படியும். ஒரு காரில் இருப்பதைவிட ஒரு கதவில் எத்தனையோ மடங்கு பெயின்ட் இருக்கிறதே! தண்ணீர் தெளித்து ஈரமாக்கித் தேய்க்கச் சொல்லுங்கள். அந்த நாட்களில் பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் வேறு வீட்டில் வையுங்கள். பிறகு தும்புத்தடியால் கூட்டாமல் ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். சாப்பிடுமுன் கைகழுவும் நம் பழக்கம் இங்கேயும் பெரிய பாதுகாப்பு.

காரின் கதையை முடித்து விடுகிறேன். மகன் இப்போது தண்ணீரில் கரையும் பெயின்டை மெல்லியதாக மூன்று தரம் பூசி, கரும்பச்சை நிறத்தில் அழகாக முடித்து விட்டான். நான் தின்னர் தேய்த்த இடம் மட்டும் மூடியில் ஒரு பள்ளமாக இருக்கிறது. மறைக்கவா என்று கேட்டேன். "இருக்கட்டும் உம்மா" என்றான்.

படிக்குக் கீழே, மேசைக்கு அடியில், குசினி மூலையில் இன்று ஒரு தரம் பாருங்கள். பெயர் ஒட்டாத போத்தல் ஏதும் இருக்கிறதா? பிள்ளைகள் நம் கையில் தரப்பட்ட அமானிதம். அடுத்த மாதம் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.