ஆமைத் தீவு யாத்திரையும் சிருஷ்டிப் புரட்டும்

நம் நாட்டில் யாத்திரை என்று சொன்னால் ஜனங்களுக்கு உடனே ஞாபகம் வருவது காசி, ராமேஸ்வரம், திருப்பதி என்பவைதான். கடன் வாங்கி, மூட்டை கட்டி, மொட்டை அடித்து, அழுக்குக் குளத்தில் முழுகி, பண்டாக்களுக்கும் பட்டர்களுக்கும் அழ வேண்டியதை அழுதுவிட்டு, போகும்போது இருந்த அறிவைவிட ஒரு குன்றிமணி அளவுகூடக் கூடுதலில்லாமல் திரும்பி வருவதற்குத்தான் இங்கு யாத்திரை என்று பெயர். இது போதாதென்று, கடல் தாண்டிப் போனால் ஜாதி கெட்டுப் போகும், பிராயச்சித்தம் செய்துகொள்ள வேண்டும் என்று தர்ம சாஸ்திரம் வேறு விதித்தது. உலகத்தைச் சுற்றிப் பார்த்தவன் சாஸ்திரத்தை நம்பமாட்டான் என்கிற பயம் அதை எழுதிவைத்த ஆசாமிகளுக்கு இருந்திருக்க வேண்டும் என்றே நாம் கருதுகிறோம்.

ஆனால் இன்று உலகத்தில் வேறொரு விதமான யாத்திரை நடக்கிறது. அதில் கோயில் இல்லை, குளம் இல்லை, பூசாரி இல்லை, தட்சணை இல்லை. தென் அமெரிக்காவிலுள்ள ஈக்வடார் தேசத்தின் கரையிலிருந்து சுமார் 600 மைல் மேற்கே, பசிபிக் மகா சமுத்திரத்தில், எரிமலைகள் கக்கிய நெருப்புக் குழம்பு உறைந்து உண்டான கலாபகோஸ் என்னும் தீவுக் கூட்டம் இருக்கிறது. அப்பெயருக்கு ஸ்பானிய பாஷையில் ஆமை என்பதே பொருள். 16 பேர் முதல் 100 பேர் வரை ஏறக்கூடிய கப்பல்களில் பல தேசத்து ஜனங்களும் ஏறி, ஒரு வாரம் தீவு தீவாகச் சுற்றி, அங்குள்ள ஆமைகளையும், ஓணான்களையும், பறவைகளையும் பார்ப்பதற்கென்றே போய் வருகிறார்கள். 2023ஆம் வருஷத்தில் மட்டும் கப்பலிலும் கரையிலுமாக அத்தீவுகளைப் பார்க்கப் போனவர்கள் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். ஓணானைப் பார்க்கவா இவ்வளவு தூரம் போக வேண்டும் என்று நம்மவர்கள் கேட்கலாம். கல்லைப் பார்க்கக் காசிக்குப் போகிறவர்கள் இப்படிக் கேட்பதற்கு யோக்கியதை உண்டா என்பது ஒரு புறமிருக்க, அங்கு பார்க்க வேண்டியது என்ன என்பதைச் சற்று விவரிப்போம்.

முதலில் அந்த யாத்திரையின் விதிகளைக் கவனியுங்கள். சர்க்கார் அனுமதி பெற்ற வழிகாட்டி ஒருவர் இல்லாமல் தீவுகளின் பெரும்பகுதியில் யாரும் காலெடுத்து வைக்கக்கூடாது. ஒரு வழிகாட்டிக்கு 16 பேருக்கு மேல் கூடாது. குறித்த பாதையை விட்டு விலகக்கூடாது. எந்தப் பிராணியையும் தொடக்கூடாது. இரண்டு மீட்டர், அதாவது ஆறரை அடி எட்டி நிற்க வேண்டும். தின்ன ஒன்றும் போடக்கூடாது. ஒரு தீவின் விதை மற்றொரு தீவுக்குப் போய்விடக்கூடாது என்பதற்காகச் செருப்பைக்கூடக் கழுவிக்கொண்டு இறங்க வேண்டும்.

“தொடாதே, எட்டி நில்” என்ற வார்த்தைகள் நமக்குப் புதியவை அல்ல. ஆனால் அங்கு அவை எந்தச் சீமானானாலும், எந்த நிறத்தவனானாலும் வேற்றுமையில்லாமல் எல்லோருக்கும் சொல்லப்படுகின்றன. ஒரு வாயில்லாப் பிராணியைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லப்படுகின்றன. ஏன் என்று கேட்டால் காரணமும் சொல்லப்படுகிறது. இங்கோ அதே வார்த்தைகள் மனிதனைப் பார்த்து மனிதனால் சொல்லப்பட்டன; அவனை மிதித்து வைப்பதற்காகவே சொல்லப்பட்டன; ஏன் என்று கேட்டால் அடிதான் கிடைத்தது. பறவைக்குக் காட்டுகிற மரியாதையைப் பஞ்சமனுக்குக் காட்டாத ஒரு தர்மத்தைச் சனாதனம் என்று புகழுகிறவர்கள் இதைச் சற்றுச் சிந்திப்பார்களாக.

நிற்க, இந்தத் தீவுகளை உலகத்துக்கு முதல் முதலில் தெரிவித்தவர் ஒரு பாதிரியார்தான். 1535ஆம் வருஷத்தில் பனாமா பிஷப்பாயிருந்த தொமாஸ் தெ பெர்லங்கா என்பவர் பெருவுக்குக் கப்பலில் போகும்போது, காற்றடிக்காமல் நீரோட்டம் கப்பலை இழுத்துப்போய் அங்கு கொண்டு சேர்த்தது. குடிக்கத் தண்ணீரில்லாமல் கள்ளியைப் பிழிந்து குடித்தார்கள். அவர் தம் ராஜாவுக்கு எழுதிய கடிதத்தில், மனிதனைக் கண்டு பறக்காத பறவைகளைப் பற்றியும், ஆமைகளைப் பற்றியும் எழுதிவிட்டு, கடவுள் எப்போதோ கல்மாரி பெய்தது போல அந்த இடம் காணப்படுகிறது என்றும் எழுதினார். அவ்வளவோடு அவருடைய விசாரணை தீர்ந்துபோயிற்று. கடவுள் என்ற பதில் கைவசம் தயாராய் இருக்கிறவனுக்கு அதற்கு மேல் கேள்வி எங்கிருந்து வரும்?

சரியாக 300 வருஷம் கழித்து, 1835 செப்டம்பரில், பீகிள் என்னும் பிரிட்டிஷ் கப்பலில் 26 வயதுள்ள ஒரு வாலிபர் அங்கு வந்து சேர்ந்தார். அவர்தான் சார்லஸ் டார்வின். அவரும் பாதிரி வேலைக்கென்று படிக்க வைக்கப்பட்டவரே. அத்தீவுகளில் அவர் தங்கியது ஐந்து வாரங்கள்தான். அங்கு அதிகாரியாயிருந்த லாசன் என்பவர், ஓர் ஆமையைப் பார்த்த மாத்திரத்தில் அது எந்தத் தீவு ஆமை என்று தம்மால் சொல்ல முடியும் என்றார். டார்வினும் முதலில் அதை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. ஆனால் ஊருக்குத் திரும்பி, தாம் கொண்டுபோன பறவைகளை லண்டனில் ஜான் கூல்டு என்ற பக்ஷி நிபுணரிடம் காட்டியபோது, 1837இல் அவர் அவற்றைப் பரிசோதித்துப் பார்த்து, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை போலத் தோன்றிய பல குருவிகள் உண்மையில் ஒரே குடும்பத்தின் பல இனங்கள் என்று சொன்னார். ஒன்றுக்குக் கொட்டையை உடைக்கும் தடித்த அலகு, ஒன்றுக்குப் பூச்சியைக் கொத்தும் மெல்லிய அலகு. ஒரே மூதாதையிலிருந்து இத்தனையும் எப்படிக் கிளைத்தன என்ற கேள்வியை வைத்துக்கொண்டு 20 வருஷத்துக்கு மேல் ஆதாரம் தேடி, 1859இல் தம் புஸ்தகத்தை வெளியிட்டார். பிஷப்பு பார்த்ததும் அதே தீவுதான், டார்வின் பார்த்ததும் அதே தீவுதான். ஒருவர் பக்தியோடு பார்த்தார், மற்றவர் கேள்வியோடு பார்த்தார் என்பதுதான் வித்தியாசம்.

கடவுளே எல்லா ஜீவராசிகளையும் அங்கங்கே சிருஷ்டித்து வைத்தார், எண்பத்து நான்கு லட்சம் யோனி பேதமும் ஆதியிலேயே ஏற்பட்டது என்று சொல்லுகிறவர்களை நாம் ஒரு சின்னக் கேள்வி கேட்கிறோம். அத்தீவுகளுக்கென்று சொந்தமான தவளை ஒன்றுகூட ஏன் இல்லை? மனிதன் வருவதற்கு முன் அங்கிருந்த பாலூட்டிப் பிராணிகள் தரையில் எலியும், ஆகாயத்தில் வௌவாலும், கடலோரத்தில் கடல்நாயும் தவிர வேறு ஏன் இல்லை? சர்வ சக்தியுள்ள சிருஷ்டிகர்த்தாவுக்குத் தவளை செய்ய மறந்துபோயிற்றா? சங்கதி வெகு சுலபமானது. அத்தீவுகள் கடலுக்கடியிலிருந்து நெருப்பாய் எழும்பியவை. கீழே அடுப்பு ஒரே இடத்தில் எரிய, மேலே ஒரு தகட்டை மெள்ள இழுத்துக்கொண்டே போனால் சுட்ட வடு வரிசையாக விழுவது போல, பூமியின் ஓடு கிழக்கே நகர நகரத் தீவுகள் ஒன்றன்பின் ஒன்றாய் உண்டாயின. கிழக்கேயுள்ள தீவுகளுக்கு வயது முப்பது லட்சம் வருஷத்துக்கு மேல். மேற்கேயுள்ள பெர்னாண்டினா அதைவிட மிக இளையது, 2024 மார்ச்சு மாதத்தில்கூட நெருப்பைக் கக்கிற்று. இப்படி வெறும் பாறையாய்ப் பிறந்த தீவுக்கு 600 மைல் கடலைத் தாண்டி வரக்கூடியது எதுவோ அதுதான் வந்தது. பறந்து வருவது வந்தது, நீந்தி வருவது வந்தது, ஆற்றில் அடித்து வந்த மரத்தின்மேல் ஒட்டிக்கொண்டு பசி தாகம் பொறுக்கக்கூடிய ஓணானும் ஆமையும் வந்தன. உப்புத் தண்ணீர் பட்டால் தவளையின் தோல் தாங்காது. ஆகவே தவளை வரவில்லை. (இப்போதுள்ள ஒரு ஜாதித் தவளை சுமார் முப்பது வருஷத்துக்கு முன் மனிதனோடு வந்து சேர்ந்ததுதான்.) இதில் கடவுளுக்கு என்ன வேலை இருக்கிறது என்று கேட்கிறோம்.

இன்னும் பாருங்கள். பெர்னாண்டினா, இசபெல்லா என்ற இரண்டு தீவுகளில் பறக்க முடியாத நீர்க்காகம் ஒன்று வாழ்கிறது. அதற்கும் சிறகு இருக்கிறது. ஆனால் பறக்க உதவாத குட்டைச் சிறகு. துரத்தும் பகை கரையில் இல்லாத இடத்தில், முழுகி மீன் பிடித்தே பிழைத்து, தலைமுறை தலைமுறையாய்ச் சிறகு குறுகிப்போயிற்று என்றால் புத்திக்குப் பொருந்துகிறது. பறக்காத பறவைக்குப் பகவான் வேண்டுமென்றே உதவாச் சிறகு வைத்துப் படைத்தார் என்றால் அது பகவானுக்குப் பெருமையா, சிறுமையா?

“குரங்கு மனிதனாக மாறியதை யார் பார்த்தார்கள்?” என்று கேட்பது நம் நாட்டில் ஒரு சாமர்த்தியமாய் இருந்து வருகிறது. பாமரர் கேட்டால் மன்னிக்கலாம். 2018 ஜனவரியில் மத்திய சர்க்காரில் கல்வியைக் கவனிக்கும் ராஜாங்க மந்திரியாயிருந்த சத்யபால் சிங் அவர்களே, நம் முன்னோர் யாரும் அப்படிப் பார்த்ததாய்ச் சொல்லவில்லை, ஆகையால் டார்வின் கொள்கை தவறு என்று பேசினார். நாட்டின் மூன்று விஞ்ஞானக் கழகங்கள் சேர்ந்து அதை மறுத்து அறிக்கை விட வேண்டி வந்தது. நான்கு முகமுள்ள பிரம்மா சிருஷ்டித்ததை மட்டும் எந்த முன்னோர் பக்கத்தில் நின்று பார்த்தார்?

மாறுதலைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்னும் தம்பதிகள் 1973 முதல், அத்தீவுகளிலொன்றான டாப்னி மேஜர் என்ற சிறு தீவில் வருஷந்தோறும் தங்கி, குருவிகளைப் பிடித்து, காலில் வளையமிட்டு, அலகை அளந்து கணக்கு வைத்தார்கள். 1977இல் அங்கு மழை பொய்த்துப்போயிற்று. சின்ன விதைகள் தீர்ந்துபோய், நம் ஊர் நெருஞ்சி இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் கடினமான முள் விதைதான் பெரும்பாலும் மிஞ்சிற்று. அதை உடைக்க முடியாத சிறிய அலகுக் குருவிகள் பட்டினியால் மடிந்தன. ஒரு இனத்தில் நூற்றுக்கு 80க்கு மேல் செத்துப்போயின. தடித்த அலகு இருந்தவை பிழைத்து, அவற்றின் குஞ்சுகளுக்கும் சராசரி அலகு முன்னிருந்ததைவிட நூற்றுக்கு நான்கு பங்கு பெருத்திருந்தது. எந்தக் குருவியும் தன் அலகை நீட்டிக்கொள்ளவில்லை, மந்திரமும் நடக்கவில்லை. செத்தது எது, பிழைத்தது எது, பிழைத்தது எதைப் பெற்றது என்பதுதான் சங்கதி.

இந்த இடத்தில் சில கெட்டிக்காரர்கள், “பார்த்தீர்களா, வலியவன் வாழ்வதும் எளியவன் மடிவதும் இயற்கை, ஆகவே மேல்ஜாதி கீழ்ஜாதியும், பணக்காரன் ஏழையும் இயற்கையே” என்று சொல்ல வருவார்கள். அவர்களுக்கும் அதே குருவிதான் பதில் சொல்லுகிறது. 1983இல் அங்கு மழை கொட்டோ கொட்டென்று கொட்டிற்று. சின்ன விதைகள் ஏராளமாயின. அடுத்த சில வருஷங்களில் சிறிய அலகுக் குருவிகளே அதிகமாய்ப் பிழைத்தன. பெரிய அலகு பயனற்றதாயிற்று. ஆகவே உயர்ந்த அலகென்றும் தாழ்ந்த அலகென்றும் இயற்கையில் நிரந்தரமாய் எதுவுமில்லை. குருவியின் அலகுக்கே இல்லாத நிரந்தர உயர்வு, தோளில் கிடக்கும் நூலுக்கு எப்படி வந்தது? அதுவும் தவிர, மழையை மனிதன் உண்டாக்கவில்லை. ஜாதியையோ மனிதன்தான் உண்டாக்கினான். உண்டாக்கினவனுக்கு ஒழிக்கவும் முடியும்.

அத்தீவுகளின் கதை முழுவதும் பெருமைக்குரியது என்று நாம் சொல்ல வரவில்லை. கப்பற் கொள்ளைக்காரரும் திமிங்கில வேட்டைக்காரரும், தீனி தண்ணீரின்றிப் பல மாதம் உயிரோடிருக்கும் ஆமைகளைக் கப்பலின் அடித்தட்டில் அடுக்கி, வேண்டும்போது அறுத்துத் தின்றார்கள். அப்படிப் போனவை ஒரு லட்சத்துக்குக் குறையாதென்று கணக்கிடுகிறார்கள். பின்டா என்ற தீவின் ஆமை இனத்தில் கடைசியாய் மிஞ்சிய ஒன்று 2012இல் செத்துப்போயிற்று. மனிதரும் அங்கு துன்பப்பட்டார்கள். சான் கிறிஸ்டோபல் தீவில் கரும்புத் தோட்டம் வைத்துக் கூலிகளைக் கொடுமைப்படுத்திய மானுவல் கோபோஸ் என்ற முதலாளியை 1904இல் அக்கூலிகளே கொன்றார்கள். இசபெல்லாத் தீவில் 1946 முதல் 1959 வரை கைதிகளை அடைத்து வைத்து, யாருக்கும் உபயோகமில்லாத ஒரு கல் மதிலைக் கட்டச் செய்தார்கள். அதற்குக் கண்ணீர் மதில் என்று இன்றும் பெயர்.

ஆனால் கெடுத்ததைத் திருத்த எந்தத் தெய்வமும் வரவில்லை. எஸ்பனோலாத் தீவில் ஆமைகள் இரண்டு ஆணும் பன்னிரண்டு பெண்ணுமாகப் பதினாலே மிஞ்சியபோது, அவற்றைப் பிடித்து வந்து, அமெரிக்க மிருகக்காட்சிச் சாலையிலிருந்த ஓர் ஆணையும் சேர்த்து, முட்டை பொரிக்க வைத்து, குஞ்சுகளை வளர்த்து விட்டு விட்டு, இன்று 2,000க்கு மேல் ஆக்கியிருக்கிறார்கள். 2020இல் அந்தப் பதினைந்து கிழ ஆமைகளும் சொந்தத் தீவுக்கே திரும்பின. நாமோ ஆமையைக் கூர்மாவதாரம் என்று கும்பிட்டுக்கொண்டே, ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று அடித்தும் விரட்டுகிறோம். கும்பிடுகிறவனால் ஆமைக்கு என்ன நன்மை? கணக்கெடுக்கிறவனால் அல்லவோ அது பிழைத்தது!

இந்த யாத்திரை ஏழைக்கு எட்டக்கூடியதல்ல என்பதை நாம் மறைக்கவில்லை. 2024 ஆகஸ்டு முதல் அயல்நாட்டார் பெரும்பாலோருக்கு நுழைவுக் கட்டணமே 200 டாலர். கப்பல் செலவோ பல ஆயிரம் டாலர். போகிறவர்களிலும், ஆமையோடு படம் பிடித்துக்கொண்டு, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, போன புத்தியோடு வருகிறவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். அதுவும் ஒரு காசி யாத்திரைதான். ஆனால் கப்பலேற வேண்டிய அவசியம் நமக்கில்லை. அங்கு கண்டறிந்த உண்மை ஒரு மூன்றாம் வகுப்புப் பையனுக்குக்கூடக் காசில்லாமல் சொல்லிக் கொடுக்கக்கூடியது.

அதைத்தான் இங்கு தடுக்கிறார்கள். 2023இல் வந்த மத்திய பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் புஸ்தகத்திலிருந்து பரிணாமப் பகுதி எடுக்கப்பட்டுவிட்டது. பிள்ளைகளுக்குப் பாரம் குறைக்கிறோம் என்றும், பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் எடுப்பவர்களுக்கு அது இருக்கிறது என்றும் சமாதானம் சொன்னார்கள். 1,800க்கு மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் ஆட்சேபித்துக் கையெழுத்திட்டார்கள். பத்தாவதோடு படிப்பை நிறுத்திக்கொண்டு வேலைக்குப் போகிறவன் யார்? ஏழை வீட்டுப் பிள்ளைதானே! பன்னிரண்டாவதில் உயிரியல் எடுக்காத பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுக்கு மனிதன் எப்படித் தோன்றினான் என்று தெரிய வேண்டாமா? பள்ளிக்கூடம் சொல்லாததைப் புராணிகன் சொல்லுவான். முகத்தில் பிறந்தவன், தோளில் பிறந்தவன், தொடையில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்ற பழைய பாடத்தை யாரும் பாரம் என்று எடுத்துவிடவில்லை என்பதை ஞாபகத்தில் வைக்க வேண்டும்.

ஆகவே தோழர்களே, உங்கள் பிள்ளைகளின் புஸ்தகங்களை வாங்கிப் பாருங்கள். அதில் இல்லாததை நீங்கள் சொல்லிக் கொடுங்கள். தெருத் தெருவாய், கிராமம் கிராமமாய், வாசகசாலைகளில் கூட்டி வைத்து, அந்தக் குருவியின் கதையையும் ஆமையின் கதையையும் எடுத்துச் சொல்லுங்கள். அது காலில் பிறந்தவன் என்று சொல்லப்பட்டவனை நிமிர்ந்து நிற்கச் செய்யும் என்பதே நமது உறுதியான அபிப்பிராயமாகும்.