குட்டிக் கும்பகர்ணன் தூங்கவில்லை!

"பாருங்க, பெரிய மனுஷன் மாதிரி குறட்டை விடறான்" என்று மூணு வயசுப் பிள்ளையை செல்போனில் வீடியோ எடுத்து சொந்தக்காரர்களுக்கு அனுப்புவது, அவர்கள் "குட்டிக் கும்பகர்ணன்" என்று சிரித்துப் பதில் போடுவது... சேலையூர், பெருங்களத்தூர், மேடவாக்கம் என்று எந்த ஃபிளாட்டிலும் நடக்கிற கூத்துதான். அந்த வீடியோக்களில் சிலவற்றைச் சத்தத்தோடு முழுசாகப் பார்த்தால் சிரிப்பு வராது. குறட்டை, குறட்டை, திடீரென்று நிசப்தம். நெஞ்சுக்கூடு மட்டும் உள்ளே இழுக்கிறது. அப்புறம் ஒரு திணறல், ஒரு புரளல், மறுபடி குறட்டை.

இதற்கு டாக்டர்கள் வைத்த பெயர் ஸ்லீப் ஆப்னியா. தூக்கத்தில் மூச்சு தடைபடுவது. தொப்பை வைத்த மாமாக்களுக்குத்தான் வரும் என்று ஒரு நினைப்பு நம் ஆட்களுக்கு. குழந்தைகள் விஷயத்தில் பெரும்பாலும் வில்லன் தொண்டையில் இருக்கும் டான்சிலும், மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டும்தான். ஏறக்குறைய 2 முதல் 8 வயது வரை மூச்சுப் பாதையின் அளவோடு ஒப்பிட்டால் இந்தச் சதைகள் பெரிசு. முழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் பாதையைத் திறந்து வைத்திருக்கும். தூங்கியதும் அவை தளரும், பாதை அடைக்கும், மூளை பதறிப்போய்ப் பிள்ளையை அரைகுறையாக எழுப்பி மூச்சை இழுக்க வைக்கும். விடிய விடிய இதே வேலை! பெரியவர்களுக்கு மணிக்கு 5 தடவைக்குள் என்றால் நார்மல். குழந்தைக்கு ஒன்றைத் தாண்டினாலே நார்மல் இல்லை.

குறட்டை விடுகிற எல்லாக் குழந்தைக்கும் இந்த நோய் என்று யாரும் சொல்லவில்லை. நூறு குழந்தைகளில் பத்துப் பேர் வரை வழக்கமாகக் குறட்டை விடலாம், அதில் நோய் இருப்பது 1 முதல் 5 பேருக்கு. அந்தச் சிலர் பகலில் என்ன ஆகிறார்கள் என்பதுதான் கொடுமை. பெரியவர்கள் மாதிரி தூங்கி வழிவதில்லை. நேர்மாறாகத் துறுதுறு, எரிச்சல், கவனக்குறைவு. டீச்சர் டைரியில் எழுதி அனுப்புவார், வீட்டில் முதுகில் நாலு விழும். படுக்கையை நனைத்தால் இன்னும் நாலு. மூச்சு விட முடியாததற்கு அடி வாங்குகிற ஜீவன் வேறு எங்காவது உண்டா?

இதற்கு ஒரே சாட்சி, ராத்திரி 2 மணிக்குப் பிள்ளையின் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிற அம்மா. அவள் வாயைத் திறந்தால் "இவன் அப்பாவும் சின்ன வயசுல இப்படித்தான்" என்பார் மாமியார். "நெட்ல படிச்சுட்டு பயப்படாதே" என்பார் கணவர். கிளினிக்கில் டோக்கன் வாங்கி ஒன்றரை மணி நேரம் காத்திருந்தால், முழித்திருக்கும் குழந்தையின் வாயில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு "வளர்ந்தா சரியாயிடும்மா". பகல் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு ராத்திரிக் கணக்கும் சரி என்று கையெழுத்துப் போடுகிற ஆடிட்டரை யாராவது சும்மா விடுவார்களா? சட்டையைக் கழற்றி, நெஞ்சு தெரிய, சத்தத்தோடு ரெண்டு நிமிஷ வீடியோ எடுத்துப் போய் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டினால், அதற்கு இருக்கிற மதிப்பே தனி.

"அப்படிச் சொன்னா உடனே ஆபரேஷன்னுடுவாங்க" என்று ஒரு பயம். நியாயம்தான், மயக்க மருந்து விளையாட்டில்லை. 2013ல் அமெரிக்காவில் 5 முதல் 9 வயதுக் குழந்தைகள் 464 பேரை வைத்து நடத்திய ஆய்வு வெளிவந்தது. டான்சிலும் அடினாய்டும் எடுத்தவர்களில் 79 சதவீதத்தினருக்கு ஏழு மாதத்தில் தூக்கப் பரிசோதனை நார்மல். எடுக்காமல் கண்காணித்தவர்களிலும் 46 சதவீதத்தினருக்குத் தானாகவே நார்மல். கவனத்தைச் சோதிக்கும் தேர்வில் பெரிய வித்தியாசம் இல்லை, நடத்தையில் முன்னேற்றம் தெரிந்தது. ஆக, சிலருக்குக் காத்திருக்கலாம். ஆனால் டாக்டர் கண்காணிப்பில் காத்திருப்பது வேறு, "போயிட்டு வாம்மா" என்று அனுப்புவது வேறு.

இது ஒன்றும் நேற்று கண்டுபிடித்த நோய் இல்லை. டான்சில் வீங்கிய குழந்தைகள் ராத்திரி மூச்சு நின்று நின்று தூங்குவதையும், பகலில் மந்தமாகத் தெரிவதையும் வில்லியம் ஆஸ்லர் 1892லேயே தன் மருத்துவப் பாடநூலில் எழுதிவிட்டார். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2002லேயே, எந்தக் குழந்தையானாலும் குறட்டை உண்டா என்று விசாரியுங்கள் என்று டாக்டர்களுக்கு வழிகாட்டியது. இங்கே? மத்திய அரசு 2013ல் ஆரம்பித்த குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தின் பட்டியலில் ஆரம்பத்திலேயே 30 கோளாறுகள் இருந்தன. காதில் சீழ் இருக்கிறது, சொத்தைப் பல் இருக்கிறது, கவனக்குறைவு-துறுதுறுப்புக் கோளாறும் இருக்கிறது. அதே மாதிரி வேஷம் போடுகிற மூச்சுத்தடை இல்லை!

1928ல் டாக்டர் சௌரிமுத்து காசநோய்க்காரர்களுக்குக் கட்டிய சானடோரியத்தின் பெயரில் ரயில் நிலையமே வைத்திருக்கிற ஊர் தாம்பரம். இங்கிருந்தாவது ஆரம்பிக்கலாம். பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் ரத்த வகை, மச்சம், அலர்ஜி எல்லாம் கேட்கிறார்கள். அதற்குக் கீழே "தூக்கத்தில் குறட்டை உண்டா? நடுவில் மூச்சு நிற்கிறதா?" என்று ஒரு வரி அச்சடிக்க எவ்வளவு மை செலவாகும்?