லாரி விசிறியை மாற்றுவது தகுமா?

அரைவைப் பருவம் தொடங்கிவிட்டால் கரும்பு லாரிகள் ஆவி கக்கிக்கொண்டு வழியில் நின்றுபோவது புதிய காட்சியன்று. இத்தகைய வண்டிகளின் சொந்தக்காரர்களுக்குப் பட்டறைகளில் ஒரு யோசனை கூறப்படுகின்றது. யந்திரத்தால் சுழலும் பழைய விசிறியைக் கழற்றிவிட்டு, கார்களில் உள்ளது போன்ற மின்சார விசிறியைப் பொருத்தினால் சூடும் குறையும், டீசலும் மிச்சமாகும் என்பதே அந்த யோசனை. பாரத்தை ஏற்றிக்கொண்டு மெதுவாகச் செல்லும் லாரிக்கு இது ஏற்றதன்று என்பதை, பணத்தைக் கொடுக்குமுன் விவசாயிகள் அறிந்துகொள்ளுதல் நலம்.

யோசனையில் உண்மை அறவே இல்லையென்று கூறுவதற்கில்லை. பெல்ட்டினால் யந்திரத்தோடு நேராகப் பிணைக்கப்பட்ட விசிறி, தேவையிருந்தாலும் இல்லாவிட்டாலும் சுழன்றுகொண்டே இருக்கும். அதன் வேகம் இரட்டித்தால் அது விழுங்கும் சக்தி எட்டு மடங்காகின்றது. நல்ல சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கப் பெரும்பாலும் போதுமாதலால், அவ்வேளையில் விசிறிக்குச் செலவாகும் சக்தி வீணே. ஆனால் லாரி செய்வோர் இக்குறையை வெகு காலத்திற்கு முன்பே உணர்ந்து பரிகாரமும் கண்டுள்ளனர். இன்றைய லாரிகள் பலவற்றில் விசிறியின் நடுவே சிலிக்கோன் எண்ணெய் அடங்கிய பிடிப்பு ஒன்று உள்ளது. பட்டறைகளில் இதனை ‘ஃபேன் கிளச்’ என்பர். ரேடியேட்டரைக் கடந்துவரும் காற்று சூடேறினால், முகப்பிலுள்ள உலோகச் சுருள் வளைந்து எண்ணெய்க்கு வழிதிறக்க, விசிறி இறுகப் பிடித்து வேகமாகச் சுழலும். காற்று குளிர்ந்தால் பிடிப்புத் தளர்ந்து விசிறி சோம்பும். ஆகவே மின்சார விசிறியால் வரும் என்று சொல்லப்படும் டீசல் மிச்சத்தில் பெரும்பகுதி இவ்வண்டிகளுக்கு முன்னமே கிடைத்துவிட்டது.

இனிச் சக்தியின் கணக்கைப் பார்ப்போர்க்கு விஷயம் தெளிவாகும். கடையில் விற்கும் மின்சார விசிறி ஒன்று 14 வோல்ட்டில் 30 ஆம்பியர் இழுக்குமாயின், அது 420 வாட். ஒரு குதிரைசக்தி 746 வாட் ஆகையால், இது அரைக் குதிரைசக்திக்குச் சற்றே மேல். அதையும் ‘டைனமோ’ என்று வழங்கும் ஆல்டர்னேட்டர் உண்டாக்கித் தரும்போது ஏறக்குறையப் பாதி வெப்பமாய்ப் போய்விடுவதால், யந்திரம் கொடுப்பது ஒரு குதிரைசக்திக்குக் குறையாது. யந்திரத்தால் சுழலும் லாரி விசிறியோ, முழுப் பிடிப்பில் பல குதிரைசக்தி கொண்டு காற்றை இழுக்கவல்லது. டீசல் எரிவதால் எழும் வெப்பத்தில் சுமார் நான்கில் ஒரு பங்கு ரேடியேட்டர் வழியே வெளியேற வேண்டும். பாரத்துடன் ஓடைக்கரை ஏற்றத்தில் இரண்டாவது கியரில் ஏறும் லாரிக்கு எதிர்க்காற்று கிடையாது. வெப்பமோ உச்சத்தில் இருக்கும். அவ்வேளையில் யந்திரம் வேகமாய்ச் சுழல்வதால் பழைய விசிறியும் உடன் வேகங்கொள்ளும். மின்சார விசிறிக்கு அந்த உதவியில்லை.

நஷ்டம் ரேடியேட்டரோடு நிற்பதுமில்லை. மிகையான சூட்டால் சிலிண்டர் ஹெட் கோணிப்போகும். கேஸ்கெட் வெந்து, குளிர்நீர் எண்ணெயோடு கலக்கும். வெட்டிய கரும்பை 24 மணி நேரத்திற்குள் அரைத்தல் உத்தமம் என்பர். அதற்குமேல் வெயிலில் காய்ந்து எடை குறைவதோடு, சர்க்கரைச் சத்தும் மாறுபட்டுக் கெடுகின்றது. எடைக்கே விலை பெறும் விவசாயிக்கு ஒரு பகல் லாரி வழியில் நின்றால் அதன் பொருள் என்ன என்பதை விளக்க வேண்டுவதில்லை.

உண்மையில், சூடேறும் லாரிகளில் பெரும்பாலானவற்றுக்கு நோய் விசிறியில் இருப்பதில்லை. கரும்புச் சோகையும் வைக்கோல் தூசும் ரேடியேட்டரின் தகடுகளுக்கிடையே அடைத்து நிற்கும். உப்புமிகுந்த ஆழ்குழாய்க் கிணற்று நீரை ஊற்றி ஊற்றி உட்குழாய்களில் காரை படிந்திருக்கும். பெல்ட் தளர்ந்திருத்தல், மூடியின் ரப்பர் கெட்டு அழுத்தம் நில்லாதிருத்தல், தெர்மோஸ்டாட் முழுதும் திறவாமை ஆகியவையும் உண்டு. விசிறியிலேயே ஐயம் இருப்பின், யந்திரத்தை நிறுத்திச் சாவியையும் எடுத்த பின்னர் கையால் அதைச் சுழற்றிப் பார்க்கலாம். தடையின்றிப் பலமுறை சுற்றினாலும், நடுவில் எண்ணெய்க் கசிவு தென்பட்டாலும், கிளச்சை மட்டும் மாற்றினால் போதும். காற்றுப் பீச்சி ரேடியேட்டரைச் சுத்தம் செய்யும் கூலிக்கும் மின்சார விசிறியின் விலைக்கும் உள்ள தூரம் சொந்தக்காரர்களுக்குத் தெரியும், பட்டறைக்காரர்களுக்கும் தெரியாமலில்லை.

மின்சார விசிறி எவ்விடத்தும் ஆகாதென்பது கருத்தன்று. காய்கறியையோ பாலையோ ஏற்றிக்கொண்டு பட்டணத்து நெரிசலில் நின்று நின்று செல்லும் சிறு வண்டிக்கு, யந்திரம் மெதுவாய் ஓடும்போதும் முழு வேகத்தில் சுழலும் விசிறி மிக உகந்தது. கிளச் இல்லாத பழைய பிக்கப் வண்டிகளிலும் இதனால் ஓரளவு லாபம் உண்டு. ஓடைநீரைக் கடக்கும்போது நிறுத்திவைக்கவும் முடியும்.

அவ்வாறு மாற்றுவோர் பட்டறையில் சில காரியங்களை நின்று கவனித்தல் வேண்டும். விசிறியைச் சுற்றி ரேடியேட்டர் முழுவதையும் தழுவும் ‘ஷ்ரவுட்’ என்னும் கூடு இல்லாவிடில், விசிறிக்கு நேரான வட்டத்தில் மட்டுமே காற்று நன்கு செல்லும். பிளாஸ்டிக் கம்பிகளைத் தகடுகளுக்கூடே செருகி விசிறியைக் கட்டும் வழக்கம் மோசமானது. ஓட்டத்தின் அதிர்ச்சியில் அவை குழாய்களை அறுத்துவிடும். மின்சாரத்தை ரிலே வழியாகவே கொடுத்து, பாட்டரியின் அருகில் ஃபியூஸ் வைத்து, தடித்த கம்பி இழுத்தல் அவசியம். தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறப்பதாயின், விசிறி 92 டிகிரியளவில் ஓடத் தொடங்குமாறு அமைத்தல் தகும். அதைவிடத் தாழ்வாக வைத்தால் விசிறி ஓயாமல் ஓடி மோட்டார் தேயும். பெரிய லாரிகளில் மின்சாரம் 24 வோல்ட் ஆகையால் காருக்குரிய 12 வோல்ட் விசிறி அவற்றில் வெந்துபோகும். புதிய லாரிகள் சிலவற்றில் கிளச்சையே கணினி ஆள்வதால், அதை அகற்றினால் எச்சரிக்கை விளக்கு எரிவதும், தயாரிப்பாளரின் உத்தரவாதம் மறுக்கப்படுவதும் நேரலாம்.

கழற்றிய விசிறியையும் கிளச்சையும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாமல், ஓர் அரைவைப் பருவம் முழுதும் வண்டி பாரத்தோடு ஓடித் தீரும்வரையேனும் எடுத்துவைத்திருப்பது நல்லது. கிளச்சைப் படுக்கவைத்தால் எண்ணெய் கசியக்கூடுமாதலால், வண்டியில் இருந்தவாறே நிமிர்த்திச் சாத்திவைத்தல் வேண்டும்.